நாப்பதுக்கு மேல நீச்சல் போட்டி: எந்த அளவுக்கு சீரியஸா எடுத்துக்கறது?

நம்ம பக்கம் யாரைக் கேட்டாலும் நீச்சல் தெரியும்னுதான் சொல்வாங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அய்யம்பேட்டை பக்கம் ஒரு கிராமம், குடமுருட்டில தண்ணி வந்த வாரத்துல காஞ்ச சுரைக்குடுக்கைய முதுகுல கட்டி தாத்தா தள்ளிவிட்டாரு, அப்ப எனக்கு 6 வயசு, அதுலேர்ந்து மேட்டூர் தொறந்தா ஆறு, மூடுனா பம்ப்செட் தொட்டின்னு வளந்த ஆளு. அப்பறம் படிப்பு, கல்யாணம், உரக்கடைன்னு போனதுல 20 வருஷம் தண்ணில காலே வைக்கல. 42 வயசுல பிபி எட்டிப் பாத்துச்சு, டாக்டர் நடங்கன்னாரு, முட்டி ஒத்துழைக்கல, சரி நமக்குத்தான் நீச்சல் தெரியுமேன்னு தஞ்சாவூர்ல ஒரு பூல்ல போய் சேந்தேன். முத நாள், 25 மீட்டர், ஒரே ஒரு நீளம். அந்தப் பக்கம் போய் செவுத்தப் புடிச்சப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, பக்கத்து லேன்ல எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு நிக்காம போய்ட்டு வந்துட்டு இருக்கு.

இப்ப எனக்கு 47. இதுவரைக்கும் 5 போட்டில நீந்திருக்கேன். மெடல் ரெண்டு, டிஸ்குவாலிஃபை ஒண்ணு (அந்தக் கதை கீழ வருது). கடைக்கு வர்றவங்க, பூல்ல புதுசா சேர்றவங்கன்னு நெறைய பேரு கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "அண்ணே, நானும் போட்டிக்குப் பேர் குடுக்கவா, இல்ல இந்த வயசுல அதெல்லாம் ஓவரா?" ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு ஒரேடியா எழுதிடலாம்னு உக்காந்தேன். என்னோட கருத்து இதுதான்: வாரத்துக்கு எத்தன நாள் வர்றீங்கங்கறதுல கறாரா இருங்க, எவ்ளோ வேகமா போறீங்கங்கறதுல கறாரா இருக்காதீங்க. நம்மள்ல முக்காவாசிப் பேரு இத தலைகீழாத்தான் பண்றோம். பத்து நாள் வர்றதில்ல, பதினோராவது நாள் வந்து பக்கத்து லேன் காலேஜ் பையனோட ரேஸ் வுடுறோம்.

இந்த மாஸ்டர்ஸ்னா என்ன

மாஸ்டர்ஸ்னு சொன்னா எங்க மாமா "எந்த காலேஜ்ல மாப்ள சேந்திருக்க"ன்னு கேட்டாரு. பரோட்டா மாஸ்டரும் இல்ல, மேல்படிப்பும் இல்ல. பெரியவங்களுக்கு, அதாவது 25 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு வயசு வாரியா நடக்கற நீச்சல் போட்டிக்கு பேருதான் அது. 25-29, 30-34, 35-39ன்னு அஞ்சஞ்சு வருஷமா பிரிச்சு மேல போய்ட்டே இருக்கும். அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம் அமரில்லோங்கற ஊர்ல 1970ல முதல் போட்டி நடந்துச்சு, அதுக்குப் பின்னாடி இருந்தவரு ரான்சம் ஆர்தர்னு ஒரு கப்பற்படை டாக்டர். பெரியவங்கள சும்மா உடற்பயிற்சி பண்ணுங்கன்னா பண்ண மாட்டாங்க, முன்னாடி ஒரு போட்டி இருந்தா அதுக்காகவாவது வருவாங்கங்கறதுதான் அவரோட கணக்கு. உலக அளவுல மொத மாஸ்டர்ஸ் சாம்பியன்ஷிப் 1986ல டோக்கியோவுல. நம்ம நாட்டுல இந்திய நீச்சல் கூட்டமைப்பு தேசிய மாஸ்டர்ஸ் நடத்துது, அதுக்கு முன்னாடி மாநில அளவுல நடக்கும். கவர்மென்ட் உத்தியோகத்துல இருக்கறவங்களுக்கு அகில இந்திய சிவில் சர்வீஸ் போட்டிலயும் நீச்சல் உண்டு, அத விசாரிச்சு வச்சுக்கங்க.

அந்த டாக்டர் சொன்னத மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும், பாதிக் குழப்பம் தீந்துடும். போட்டிங்கறது நம்மள பூலுக்கு இழுத்துட்டு வர்ற கயிறு. அவ்ளோதான் அதோட வேலை. எனக்கு அனுபவத்துல தெரிஞ்சது, தேதி குறிச்ச போட்டி ஒண்ணு இருந்தா கார்த்திகை மாசக் குளிர்லயும் எந்திரிச்சுப் போவேன், இல்லன்னா "இன்னைக்கு தூறல் போடுது"ன்னு போர்வைய இழுத்துப்பேன்.

மொதல்ல ஆத்து நீச்சல மறக்கணும்

டெல்டா ஆளுங்களுக்குன்னே இருக்கற பிரச்சினை இது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஆத்துல நம்ம எல்லாரும் தலைய தூக்கிட்டுத்தான் நீந்துவோம். அது தப்பில்ல, அங்க அது அவசியம், எதுக்க ஆகாயத்தாமரை வருதா, மரக்கட்டை வருதா, எந்தப் படித்துறைல ஏறணும்னு பாக்கணும்ல. பூல்ல எதுவும் வராது. அங்க தலையத் தூக்குனீங்கன்னா இடுப்பும் காலும் கீழ எறங்கும், உடம்பு சாய்வா நின்னு தண்ணியத் தள்ளிக்கிட்டே போகும், பாதி சக்தி அதுலயே போயிடும். அதுவும் இல்லாம ஆத்துல தண்ணி நம்மள சுமந்துட்டுப் போயிருக்கு, அத நம்ம வேகம்னு இத்தன வருஷமா நெனச்சுட்டு இருந்திருக்கோம்!

அதனால மொத ஒரு மாசம் நீந்தறதையே விட்டுட்டு மூச்ச மட்டும் பழகுங்க. மூஞ்சி தண்ணிக்குள்ள, கண்ணு கீழ தரைல உள்ள கறுப்புக் கோட்டப் பாக்குது, மூக்கு வழியா குமிழி குமிழியா காத்த விடுறோம், தலையத் தூக்காம உடம்போட சேத்து பக்கவாட்டுல திருப்பி வாயால இழுக்குறோம். கேக்க சின்ன விஷயம். எனக்கு இது வர்றதுக்கு 5 வாரம் ஆச்சு. வெளிய காத்த விடாம உள்ளயே தம் கட்டிட்டு இருந்ததுதான் என்னோட மூச்சிரைப்புக்குக் காரணம்னு கோச் சொன்னாரு, "ஸ்டாமினா இல்ல மாஸ்டர்"னு நான் புலம்பிட்டு இருந்தப்ப. காத்த விட்டாத்தானே புதுக் காத்து உள்ள வரும்.

தம் கட்டறதுன்னதும் ஒண்ணு சொல்லணும். சின்ன வயசுல முங்கு நீச்சல் பந்தயம் கட்டிருப்போம், யாரு ரொம்ப நேரம் உள்ள இருக்கறதுன்னு. அத பூல்ல தனியா பண்ணாதீங்க, தயவுசெஞ்சு. நமக்கு மூச்சு முட்டற உணர்வு வர்றது முக்கியமா உடம்புல கார்பன் டை ஆக்சைடு ஏர்றதாலதான், ஆக்சிஜன் கொறையறது அவ்ளோ சீக்கிரம் தெரியாது. முங்கறதுக்கு முன்னாடி வேகவேகமா பத்து தடவ மூச்சிழுத்தா அந்த கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும், அப்பறம் உள்ள போனா முட்டற உணர்வு வர்றதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் தீந்து மயக்கம் வந்துடும். சத்தமே இருக்காது. நல்லா நீந்தறவங்களுக்குத்தான் இது நடக்கும்.

பூல்ல நல்லா வந்துடுச்சுன்னு ஆடிப்பெருக்குக்கு கொள்ளிடத்துல எறங்கி அக்கரை போறேன்னு கெளம்பறதும் அதே ரகம்தான். மணல் அள்ளுன குழி எங்க இருக்குன்னு மேல இருந்து தெரியாது, மதகு ஷட்டர் பக்கத்துல அடில இழுக்கற இழுப்பு எந்த ஃப்ரீஸ்டைலுக்கும் அடங்காது. வருஷா வருஷம் பேப்பர்ல படிக்கிறோம். ஆத்துல குளிங்க, முங்குங்க, அது நம்ம ஊரு. பயிற்சிக்கு பூல்.

உங்க அளவு எதுன்னு முடிவு பண்றது

இதுதான் முக்கியமான படி, இத யாரும் பண்றதே இல்ல. ஒரு பேப்பர எடுத்து வாரத்துல உங்களால மிச்சம் பிடிக்க முடியற நேரத்த எழுதுங்க. பூல் நேரம் மட்டும் இல்ல, போக வர, தலை துவட்ட, அப்பறம் சாப்ட்டுட்டு வர்ற தூக்கம் எல்லாம் சேத்து. எனக்கு வீட்லேர்ந்து பூலுக்கு 15 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் நீந்தணும்னா ரெண்டரை மணி நேரம் போவுது. அதனால வாரம் 3 நாள்தான், செவ்வாய், வியாழன், சனி. 4 நாள் ஆக்கிப் பாத்தேன், கடைல கணக்கு தப்ப ஆரம்பிச்சுது, வீட்டுக்காரம்மா மூஞ்சியும் மாற ஆரம்பிச்சுது, பழையபடி 3க்கே வந்துட்டேன்.

வாரம் ஒரு நாள்னா குளியல், நல்ல குளியல், ஆனா முன்னேற்றத்த எதிர்பாக்காதீங்க. 2 நாள்னா இருக்கறது கொறையாம இருக்கும். 3 நாள்னா மெதுவா முன்னேற்றம் தெரியும், வேலவெட்டி உள்ள நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அதுதான் சரியான அளவுன்னு நான் நெனக்கிறேன். 5, 6 நாள் வர்றவங்க இருக்காங்க, அவங்க ரிட்டயர்டு ஆனவங்களா இருக்கணும், இல்ல பூலுக்கு எதுத்த வீட்ல குடியிருக்கணும்.

எங்க தொழில்ல இன்னொரு சிக்கல் இருக்கு. ஜூன் 12 மேட்டூர் தொறந்தா குறுவைக்கு உரம் வாங்க கூட்டம், அப்பறம் புரட்டாசி ஐப்பசில சம்பா வேல. அந்த மாசங்கள்ல காலைல 6 மணிக்கே கடை தொறக்கணும். மொத ரெண்டு வருஷம் இத நெனச்சு நெனச்சு எரிச்சலாவேன், பயிற்சி போச்சே பயிற்சி போச்சேன்னு. இப்ப அந்த சீசன்ல வாரம் 1 நாள்னு முன்னாடியே எழுதி வச்சுடுறேன், தை அறுப்பு முடிஞ்சு ஜனவரி 28 வாக்குல அணை மூடுனதும் மறுபடி 3 நாள். ஆறு காயற மாசம்தான் என்னோட பூல் சீசன். நீங்க வாத்தியாரா இருந்தா பரிட்சை மாசம், ஜவுளிக்கடைன்னா தீபாவளி, அவங்கவங்க தொழிலுக்கு ஏத்த மாதிரி போட்டுக்கங்க. எழுதி வச்ச பிறகு அத மீறாதீங்க, கூட்டவும் வேணாம் கொறைக்கவும் வேணாம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர ஒரு தடவ பாருங்க. நாப்பது தாண்டுனவங்க, பிபி, சுகர், வீட்ல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை இருந்தவங்க கட்டாயம். சுகருக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கறவங்க பூல் ஓரத்துல குளுக்கோஸோ ஒரு பாக்கெட் ஜூஸோ வச்சுக்கங்க, கோச்கிட்டயும் சொல்லி வைங்க.

ஒரு மணி நேரத்துல என்ன பண்றது

போனோம், முன்னும் பின்னும் நீந்துனோம், வந்தோம்னு இருந்தா ஆறு மாசத்துல ஒரே இடத்துல நின்னுடுவீங்க. நான் நின்னேன். மூச்சு பழகுனதுக்கு அப்பறம் மொத ஆறு வாரம் ஒரு நாளைக்கு மொத்தமா 600 லேர்ந்து 800 மீட்டர் போதும், 25 மீட்டர் பூல்ல 24 லேர்ந்து 32 நீளம். அப்பறம் மெதுவா ஏத்திட்டு வந்து 1500 ஆக்கலாம். ஒரே வாரத்துல 800லேர்ந்து 1500க்கு தாவுனா தோள்பட்டை பேச ஆரம்பிச்சுடும்.

எங்க கோச் போட்டுக் குடுத்தது இப்படி: மொதல்ல 200 மீட்டர் சோம்பேறித்தனமா, எந்த ஸ்ட்ரோக்னாலும் சரி. அப்பறம் 50 மீட்டர் நாலு தடவ டிரில், ஒரு கைய முன்னாடி நீட்டி வச்சுட்டு இன்னொரு கையால மட்டும் நீந்தறது, பக்கவாட்டுல படுத்து கிக் அடிக்கறது, அந்த மாதிரி. அப்பறம் மெயின் செட். கடைசில 100 மெதுவா. செவ்வாய்க்கிழமை மெயின் செட் ஸ்டைல் சரிபண்ண, வியாழன் கடிகாரத்தோட, சனிக்கிழமை நீளமா ஒரே மூச்சுல 400, 500 போறது, இல்லன்னா மாசத்துக்கு ஒரு தடவ டைம் பாக்கறது.

கடிகாரத்தோடன்னா இன்டர்வல். முறை வச்சு வாய்க்கால்ல தண்ணி விடுவாங்கள்ல, அந்த மாதிரிதான் இதுவும், நேரம் வந்தா கெளம்பியாகணும். உதாரணத்துக்கு 50 மீட்டர் 8 தடவ, ஒவ்வொண்ணும் 1 நிமிஷம் 30 செகண்ட் கணக்குல. நீங்க 1:05ல நீந்தி முடிச்சா 25 செகண்ட் ரெஸ்ட், 1:15 ஆயிடுச்சுன்னா 15 செகண்ட்தான். மொதல் ரெண்ட வீம்புக்கு 55 செகண்ட்ல போட்டுட்டு ஏழாவதுல தொங்கறது புதுசா வர்ற எல்லாரும் பண்றது. எட்டும் ஒரே மாதிரி வரணும், அதுல ரெண்டு மூணு செகண்டுக்கு மேல வித்தியாசம் இல்லன்னா அன்னைக்கு நீங்க நல்லா நீந்திருக்கீங்கன்னு அர்த்தம். எனக்கு இந்த செட் புடிச்சுப் போனதுக்குக் காரணம், இதுல பக்கத்து லேனப் பாக்கறதுக்கே நேரம் இருக்காது.

உங்க வேகம் எதுன்னு தெரிஞ்சுக்க ஒரு கணக்கு இருக்கு. ஒரு நாள் 400 மீட்டர் நல்லா முயற்சி பண்ணி நீந்தி டைம் எடுங்க, நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு 200 எடுங்க. 400க்கு 9 நிமிஷம் 20 செகண்ட், 200க்கு 4 நிமிஷம் 20 செகண்ட்னு வச்சுப்போம். கழிச்சா 5 நிமிஷம், அதுல பாதி ரெண்டரை நிமிஷம். அதுதான் உங்களால கொஞ்ச நேரத்துக்குத் தாக்குப் பிடிக்க முடியற 100 மீட்டர் வேகம். அந்த வேகத்துல 100 மீட்டர் ஆறு தடவ, நடுவுல 20 செகண்ட் ரெஸ்ட். மாசத்துக்கு ஒரு தடவ இந்தக் கணக்கப் போட்டுப் பாத்தா போதும், தெனம் டைம் பாக்கறது தெனம் எடை பாக்கற மாதிரி, மண்ட காயும்.

வாரத்துல ஒரு நாள்தான் மூச்சு வாங்கற மாதிரி. மத்த ரெண்டு நாளும் செவுத்தப் புடிச்சு நின்னா ஒரு முழு வாக்கியம் பேச வரணும். பேசறதுன்னு சொன்னதுக்காக அரை மணி நேரம் செவுத்துல சாஞ்சுட்டு ஊர் அரசியல் பேசறவங்களும் எங்க பூல்ல இருக்காங்க, அவங்களுக்கு நான் எதுவும் சொல்றதுக்கில்ல, லேன மட்டும் மறைக்காம இருந்தா சரி.

தோள்பட்டை பத்தி ரெண்டு வார்த்தை. சட்டை மாட்டக் கைய தூக்கும்போது சுருக்குன்னா அது எச்சரிக்கை, அன்னைக்கு கிக்போர்ட வச்சு கால் மட்டும் அடிங்க. கை தண்ணிக்குள்ள எறங்கும்போது தலைக்கு நேரா நடுக்கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது, தோளுக்கு நேரா போகணும். ரப்பர் பேண்ட் கட்டி இழுக்கற பயிற்சி வாரம் ரெண்டு தடவ. என்கூட சேந்த நண்பர் ஒருத்தர், என்ன விட நல்லா நீந்துவாரு, போட்டிக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது தெனமும் வர ஆரம்பிச்சாரு, வலிய மாத்திரை போட்டு அமுக்குனாரு, அப்பறம் 8 மாசம் கையத் தூக்கி தலை சீவ முடியல. நெய்வேலில வளந்த சஜன் பிரகாஷ் 2021ல ரோம்ல 200 மீட்டர் பட்டர்ஃப்ளைய (ரெண்டு கையையும் ஒண்ணா வீசி நீந்தறது) 1:56.38ல முடிச்சு, ஒலிம்பிக்குக்கு நேரடியா தகுதி குடுக்கற 'ஏ' நேரத்த எட்டுன முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனாரு. அவரு சின்ன வயசுலேர்ந்து தண்ணிலயே வளந்தவரு, அவருக்கே கழுத்துல அடிபட்டு கஷ்டப்பட்டுத்தான் திரும்பி வந்தாரு. யூட்யூப்ல அந்த மாதிரி ஆளுங்க செட்டப் பாத்துட்டு நம்ம உரக்கடை உடம்பு அதப் பண்ணக் கூடாது.

மொத போட்டிக்குப் பேர் குடுக்கறது

எப்ப? 50 மீட்டர நிக்காம, பதட்டமில்லாம நீந்த வந்துட்டா போதும். "இன்னும் கொஞ்சம் டைமிங் கொறையட்டும்"னு காத்துட்டு இருக்காதீங்க, அது கொறையாது, போட்டிக்குப் போனாத்தான் கொறையும். பாரிஸ் ஒலிம்பிக்ல சீனாவோட பான் ஷான்லே 100 மீட்டர 46.40 செகண்ட்ல முடிச்சாரு, எனக்கு பாதி தூரம் 50க்கே 43 ஆவுது. யாரும் சிரிக்கல. எனக்கு அடுத்த ஹீட்ல (ஹீட்னா ஒரே நேரத்துல சேந்து நீந்தற ஒரு சுற்று) 70 தாண்டுன ஒரு பெரியவர் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாக்க நீச்சல் போனாரு, அவர் வயசு குரூப்ல அவரு ஒருத்தர்தான், நீந்தி முடிச்சாலே தங்கம். அவரு வெளிய வந்து தங்கத்தப் பத்திப் பேசவே இல்ல, "கடைசி 10 மீட்டர்ல கோணலாப் போயிட்டேன் தம்பி, கயித்துல இடிச்சுட்டேன்"னு தலைல அடிச்சுக்கிட்டாரு.

வயசுக் கணக்கு போட்டி நடக்கற வருஷம் டிசம்பர் 31ஆம் தேதிய வச்சு. 1981 டிசம்பர்ல பொறந்தவரு 2026 ஜனவரி போட்டிலயே 45-49 குரூப்தான். வயசு கூடுனா சந்தோஷப்படற ஒரே கூட்டம் நாங்கதான், ஏன்னா புது குரூப்ல நாமதான் சின்னப் பையன். மாவட்ட, மாநில சங்கம் மூலமாத்தான் பேர் குடுக்கணும், ஆதார், போட்டோ, டாக்டர் சர்டிஃபிகேட் எல்லாம் முன்னாடியே ரெடி பண்ணுங்க, கடைசித் தேதிக்கு முந்தின நாள் அலையாதீங்க. என்ட்ரில டைம் கேட்டா உண்மைய எழுதுங்க. கொறச்சு எழுதுனா வேகமான ஆளுங்களுக்கு நடுவுல மாட்டி, மத்தவங்க எல்லாம் முடிச்சுட்டு நிக்க நீங்க மட்டும் நடுவுல நீந்திட்டு இருப்பீங்க.

மொத தடவ ரெண்டு ஈவென்ட் போதும். 50 ஃப்ரீஸ்டைல், கூட இன்னொண்ணு. டைவ் அடிக்க பயமா இருந்தா 50 பேக்ஸ்ட்ரோக் எடுங்க, அதுக்கு ஸ்டார்ட்டே தண்ணிக்குள்ள இருந்துதான், மல்லாக்க நீந்தத் தெரியாத டெல்டாக்காரன் யாரு. ஆனா இன்னொரு விஷயமும் இருக்கு, மாஸ்டர்ஸ் விதிப்படி மத்த ஸ்ட்ரோக்குக்கும் மேடை மேலேர்ந்து டைவ் அடிச்சே ஆகணும்னு இல்ல, கரைலேர்ந்து குதிக்கலாம், தண்ணிக்குள்ள நின்னு செவுத்த உதைச்சும் கெளம்பலாம். பட்டர்ஃப்ளைல தவளைக் கால் அடிச்சாலும் மாஸ்டர்ஸ்ல ஒத்துப்பாங்க. இதெல்லாம் தெரியாமலே நெறைய பேரு பயந்துட்டு பேர் குடுக்காம இருக்காங்க.

பெண்களுக்கும் இதே வயசு குரூப், இதே விதிதான். எங்க பூல்ல பெண்கள் நேரத்துல 38 வயசுல கடப்பாரை நீச்சல்ல, அதாவது நேரா அடிக்குப் போற நீச்சல்ல, ஆரம்பிச்ச ஒரு டீச்சரம்மா இப்ப 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை நீச்சல்) போறாங்க. முழுக்கை, முழுக்கால் வச்ச லைக்ரா டிரஸ் கடைகள்ல கெடைக்குது, சுடிதார், காட்டன் எதுவும் வேணாம், தண்ணிய குடிச்சு கனக்கும்.

போட்டிக்கு முந்தின வாரம் தூரத்த பாதியாக் கொறைங்க. நடு நடுவுல வேகமா ஒரு நாலு 25 மட்டும். இந்த ஒரு வாரத்துல புதுசா எதுவும் உடம்புல ஏறப் போறதில்ல, ரெஸ்ட்தான் ஏறும். மத்தபடி காகிள்ஸ், கேப் ரெண்டும் பழகுனதே போதும், போட்டின்னு புதுசு வாங்காதீங்க.

அன்னைக்கு

சீக்கிரம் போங்க, வார்ம்அப்புக்கு எடம் கெடைக்கணும். காலைல ரெண்டு இட்லி, ரெண்டு மணி நேரம் முன்னாடி, நடுவுல பசிச்சா ஒரு பூவன் பழம். சுவத்துல ஒட்டிருக்கற ஹீட் லிஸ்ட்ல உங்க ஹீட் நம்பர், லேன் நம்பர கைல பேனாவால எழுதிக்கங்க, பதட்டத்துல மறந்துடும். விசில் கணக்கு இது: சின்னச் சின்ன விசிலா நெறைய ஊதுனா துண்ட எடுத்துட்டு ரெடியா இருன்னு அர்த்தம், ஒரு நீள விசில்னா மேடைல ஏறு, பேக்ஸ்ட்ரோக்னா தண்ணில எறங்கு. அப்பறம் 'டேக் யுவர் மார்க்ஸ்', அப்ப குனிஞ்சு அசையாம நில்லுங்க, சத்தம் வந்ததும் பாய்ச்சல். சத்தத்துக்கு முன்னாடி கெளம்பிட்டா வெளிய, ரெண்டாவது சான்ஸ் கெடையாது. டைவ்ல காகிள்ஸ் கழண்டுச்சுன்னா தாடை மேல தூக்கிருச்சுன்னு அர்த்தம், தாடைய நெஞ்சோட ஒட்டி வைங்க, ஸ்ட்ராப்புக்கு மேல கேப்ப போடுங்க.

நாமெல்லாம் 25 மீட்டர்ல பழகிட்டு 50 மீட்டர் பூல்ல போய் நிப்போம். சென்னை வேளச்சேரில இருக்கறது, 1995 தெற்காசிய விளையாட்டுக்குக் கட்டுனது, அது 50. மொத தடவ அந்த மாதிரி நீளத்தப் பாத்தப்ப கல்லணைக் கால்வாய் மாதிரி இருந்துச்சு எனக்கு. 25 தாண்டுனதும் இப்ப செவுரு வரும், உதைச்சுட்டுப் போலாம்னு உடம்பு எதிர்பாக்கும், செவுரு வராது. 35ல கை ஈயமாயிடும். அதனால மொத 15 மீட்டர்ல எல்லாரும் பறப்பாங்க, நீங்க பறக்காதீங்க.

என்னோட டிஸ்குவாலிஃபை கதை இங்கதான். மொத போட்டி, 50 பிரெஸ்ட் ஸ்ட்ரோக், எங்க குரூப்ல 4 பேரு, கடைசி அஞ்சு மீட்டர்ல மூணாவது ஆளோட சமமா வந்துட்டேன், ஆசை, எட்டி ஒத்தக் கையால செவுத்தத் தட்டிட்டேன். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்லயும் பட்டர்ஃப்ளைலயும் ரெண்டு கையும் ஒரே நேரத்துல தொடணும். தெரியும். கோச் நூறு தடவ சொல்லிருந்தாரு. நடுவர் கையத் தூக்கிட்டாரு. வெண்கலத்த விட்டுட்டு, அய்யம்பேட்டை வரைக்கும் பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துட்டே வந்தேன், 43 வயசு ஆளு, ஸ்கூல் பையன் மாதிரி. அப்பத்தான் ஒறச்சுது, பயிற்சில டர்ன் பண்ணும்போது நான் எப்பவுமே ஒத்தக் கையாலதான் தொட்டுட்டு இருந்திருக்கேன். அதுக்கப்பறம் செவ்வாய்க்கிழமை சும்மா மெதுவா நீந்தும்போதும் ரெண்டு கை.

எப்ப ஓவராப் போறோம்னு தெரிஞ்சுக்கறது

கொஞ்சம் ஆசை இருக்கணும், இல்லன்னா யாரு காலைல 5 மணிக்கு எந்திரிக்கறது. ஆனா சில அறிகுறி இருக்கு. ராத்திரி தூக்கம் வராம நாளைக்கு என்ன டைம் வரும்னு யோசிக்கறது. எந்திரிச்சதும் நாடித்துடிப்பு வழக்கத்த விட கூட இருக்கறது, நாலஞ்சு நாளா உடம்பு கனமாவே இருக்கறது. பயிற்சி நாள் கல்யாண வீட்டுக்குப் போகணும்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறது. வாங்குன ஸ்விம் சூட் வெலய வீட்ல கொறச்சு சொல்றது (நான் சொல்லிருக்கேன்). இதுல ரெண்டு இருந்தா ஒரு வாரம் தண்ணிப் பக்கமே போகாதீங்க, ஒண்ணும் கொறஞ்சுடாது.

மொத மெடல வீட்டுக்குக் கொண்டாந்து டேபிள்ல வச்சப்ப வீட்டுக்காரம்மா கைல எடுத்துப் பாத்துட்டு, "ஏங்க, இத அடகு வச்சா எவ்ளோ குடுப்பாங்க?"ன்னாங்க. மெடல் இப்ப சாமி ரூம் ஆணில தொங்குது, பக்கத்துல பஞ்சாங்கம். ஆனா அதே ஆளு போன மாசம் பிபி ரிப்போர்ட்டப் பாத்துட்டு, வியாழக்கிழமை மழைன்னு நான் போர்வைக்குள்ள சுருண்டப்ப அலாரத்த மறுபடி வச்சு எழுப்பி விட்டாங்க.

திருச்சிக்காரங்களுக்கு அண்ணா ஸ்டேடியத்துல பூல் இருக்கு, மத்தவங்க உங்க பக்கத்துல எது இருக்குன்னு விசாரிங்க, சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் நேர்ல போய் தண்ணி தெளிவா இருக்கா, லைஃப்கார்டு நிக்கிறாரா, பெரியவங்களுக்கு தனி லேன் ஒதுக்குவாங்களான்னு பாத்துட்டு பணம் கட்டுங்க. நான் மூணு மாசப் பணம் கட்டிட்டு மறு வாரமே மராமத்துன்னு பூட்டுன இடமும் உண்டு. தஞ்சாவூர் பக்கம் உள்ளவங்க, குறுவை ஆரம்பிக்கற வரைக்கும் செவ்வாய், வியாழன், சனி காலை 6 மணிக்கு நான் மூணாவது லேன்ல இருப்பேன். கேப்பும் காகிள்ஸும் மட்டும் எடுத்துட்டு வாங்க, கிக்போர்டு என்கிட்ட ரெண்டு இருக்கு.